யுஎஸ்பி வேகம்: போர்ட், கேபிள், டிரைவ் மூன்றையும் வரிசையாகச் சோதிப்பது எப்படி?

நொடிக்கு 1,000 எம்பி என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் எஸ்எஸ்டி, வீட்டுக்கு வந்ததும் 38 எம்பியில் ஊர்கிறது. போலி டிரைவ் என்று முடிவு கட்டிக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே வேறு கேபிளில் செருகிக் காட்டுகிறார்கள், சரியாக ஓடுகிறது. யுஎஸ்பி வேகம் பற்றிய புகார்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த வகைதான்.

வேகத்தைத் தீர்மானிக்கும் இடங்கள் நான்கு. கணினியின் போர்ட், நடுவில் உள்ள கேபிள், டிரைவின் கேஸுக்குள் (வெளிக்கூட்டுக்குள்) இருக்கும் சிப், அதற்கும் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. நான்கில் எது மெதுவோ, அதன் வேகம்தான் கைக்குக் கிடைக்கும். அதனால் நான்கின் எண்ணையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்ட பிறகே எதையும் மாற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால் வேகம் கூடலாம், ஆனால் கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாமலே போகும். மறுமுறை அதே கேபிளைத்தான் எடுப்பீர்கள்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

10 ஜிபிக்குக் குறையாத ஒரே ஒரு பெரிய ஃபைல். வீடியோவாக இருந்தால் நல்லது. ஆயிரம் போட்டோ உள்ள ஃபோல்டர் இந்தச் சோதனைக்கு உதவாது. காரணம் 8ஆம் படியில் வருகிறது.

கணினியின் முழு மாடல் எண். லேப்டாப்பைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். விளம்பரத்தில் வரும் பெயர் போதாது. ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்களில் மாடலுக்கு மாடல் போர்ட் மாறும்.

டிரைவோடு டப்பாவில் வந்த கேபிள், மொபைல் டார்ச், குறித்துக்கொள்ள ஒரு காகிதம். பேப்பர் டேப்பும் பேனாவும் இருந்தால் இன்னும் நல்லது, கடைசிப் படியில் தேவைப்படும்.

1. பிட்டையும் பைட்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்

போர்ட், கேபிள் இவற்றின் வேகத்தை ஜிபிபிஎஸ் என்று சொல்வார்கள். நொடிக்கு இத்தனை ஜிகாபிட் என்று பொருள். எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட். காப்பி செய்யும்போது திரையில் தெரிவதோ நொடிக்கு இத்தனை மெகாபைட், அதாவது எம்பி. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் நொடிக்கு 5 ஜிபி வரவில்லையே என்று கேட்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

எட்டால் வகுத்தாலும் கணக்கு முழுதாக ஒத்துவராது. 5 ஜிபிபிஎஸ் இணைப்பில் ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்பப்படுகிறது. ஆகவே உச்ச வரம்பே 625 அல்ல, 500 எம்பி. அதிலும் கட்டுப்பாட்டுச் செய்திகள் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்ளும். நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியவை இவை:

- 480 எம்பிபிஎஸ்: நொடிக்கு 35 முதல் 40 எம்பி
- 5 ஜிபிபிஎஸ்: 400 முதல் 450 எம்பி
- 10 ஜிபிபிஎஸ்: ஏறத்தாழ 1,000 எம்பி
- 20 ஜிபிபிஎஸ்: ஏறத்தாழ 2,000 எம்பி
- 40 ஜிபிபிஎஸ்: 3,000 எம்பிக்கு மேல்

இதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். குறிப்பாக முதல் வரியை. காப்பி வேகம் 35க்கும் 40க்கும் நடுவில் அசையாமல் நின்றால், இணைப்பு யுஎஸ்பி 2.0க்கு இறங்கிவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

2. பெயரை எண்ணாக மாற்றுங்கள்

3.2 என்பது 3.0ஐ விட வேகமானது என்று நினைப்பதுதான் புதியவர்கள் ஏமாறும் முதல் இடம். அவர்கள்மேல் தவறில்லை. 2013இல் 3.1 வந்தபோது பழைய 3.0ஐயும் 3.1க்குள் சேர்த்து 'ஜென் 1' என்று பெயர் மாற்றினார்கள். 2017இல் 3.2 வந்தபோது அதையே மறுபடி செய்தார்கள். அதனால் ஒரே வேகத்துக்கு மூன்று பெயர் வந்து சேர்ந்தது.

- 5 ஜிபிபிஎஸ்: யுஎஸ்பி 3.0, யுஎஸ்பி 3.1 ஜென் 1, யுஎஸ்பி 3.2 ஜென் 1. மூன்றும் ஒன்றே.
- 10 ஜிபிபிஎஸ்: யுஎஸ்பி 3.1 ஜென் 2, யுஎஸ்பி 3.2 ஜென் 2.
- 20 ஜிபிபிஎஸ்: யுஎஸ்பி 3.2 ஜென் 2×2. யுஎஸ்பி4இன் கீழ்நிலையும் 20தான், ஆனால் இரண்டும் வேறு வேறு முறை.
- 40 ஜிபிபிஎஸ்: யுஎஸ்பி4இன் மேல்நிலை, தண்டர்போல்ட் 3, தண்டர்போல்ட் 4. (தண்டர்போல்ட் என்பது யுஎஸ்பி போன்ற இன்னொரு வேக இணைப்பு முறை.)
- 80 ஜிபிபிஎஸ்: யுஎஸ்பி4 இரண்டாம் பதிப்பு, தண்டர்போல்ட் 5.

இதிலிருந்து வரும் விதி இது: அட்டையில் 'யுஎஸ்பி 3.2' என்று மட்டும் போட்டு, ஜென் எண்ணோ ஜிபிபிஎஸ் எண்ணோ இல்லையென்றால் அதை 5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'யுஎஸ்பி4' என்று மட்டும் இருந்தால் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடுதலாக இருந்தால் விற்பவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

'யுஎஸ்பி 3.0 கம்பேட்டிபிள்' என்ற வாசகத்தையும் கவனியுங்கள். 3.0 போர்ட்டில் செருகலாம், வேலை செய்யும் என்பதுதான் அதன் பொருள். 3.0 வேகத்தில் ஓடும் என்று அது சொல்லவில்லை. பல விலை மலிவான கார்டு ரீடர்கள் இந்த வாசகத்தோடு வருகின்றன. உள்ளே இருப்பது 2.0 சிப்.

டைப்-சி என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த நீள்வட்டத் துளைக்குள் 480 எம்பிபிஎஸ்ஸும் இருக்கலாம், 80 ஜிபிபிஎஸ்ஸும் இருக்கலாம். ஐபோன் 15, ஐபோன் 15 ப்ரோ இரண்டிலும் பார்வைக்கு ஒரே துளைதான். முன்னது 480 எம்பிபிஎஸ், பின்னது 10 ஜிபிபிஎஸ். ப்ரோவின் டப்பாவில் வரும் கேபிளோ 480 எம்பிபிஎஸ்தான். ப்ரோ வாங்கியவர் வேக கேபிளைத் தனியாக வாங்கினால்தான் அந்தப் பத்து கிடைக்கும்.

யுஎஸ்பி தரத்தை நிர்வகிக்கும் அமைப்பே இப்போது 'யுஎஸ்பி 10 ஜிபிபிஎஸ்', 'யுஎஸ்பி 40 ஜிபிபிஎஸ்' என்று எண்ணை முன்வைத்து எழுதச் சொல்கிறது. அந்த எண் அச்சிட்ட பொருளைப் பார்த்தால் அதையே முதலில் எடுங்கள்.

3. டிரைவுக்குள் இருப்பது எவ்வளவு வேகம் தாங்கும்?

போர்ட்டைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். காரணம், டிரைவின் உச்சமே 120 எம்பி என்றால் போர்ட்டைத் தேடி அலைவதில் பயனில்லை.

சுழலும் ஹார்ட் டிஸ்க், கையில் அடங்கும் இரண்டரை அங்குல வகை, நொடிக்கு 100 முதல் 140 எம்பி தரும். இதற்கு 5 ஜிபிபிஎஸ் தாராளம். 10 ஜிபிபிஎஸ் போர்ட்டில் செருகினாலும் ஓர் எம்பி கூடாது.

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாட்டா எஸ்எஸ்டியை (சாட்டா என்பது பழைய இணைப்பு முறை) கேஸில் போட்டு வைத்திருந்தால், அதன் உச்சம் 550 எம்பி. 5 ஜிபிபிஎஸ் கேஸில் 420 அளவில் ஓடும். 10 ஜிபிபிஎஸ் கேஸுக்கு மாறினால் 500ஐத் தாண்டும். அந்த வித்தியாசத்துக்காகப் புதுக் கேஸ் வாங்குவது என் பார்வையில் வீண் செலவு.

என்விஎம்இ என்ற புதிய, வேகமான வகை எஸ்எஸ்டி மட்டுமே 10, 20, 40 ஜிபிபிஎஸ் எல்லாவற்றையும் நிரப்பும் திறன் உள்ளது. இங்கே வரம்பு போடுவது கேஸில் உள்ள சிப். உள்ளே 7,000 எம்பி எஸ்எஸ்டி இருந்தாலும் கேஸ் 10 ஜிபிபிஎஸ் என்றால் 1,000தான் கிடைக்கும்.

பென் டிரைவ்தான் அதிகம் ஏமாற்றும். 'யுஎஸ்பி 3.2 ஜென் 1' என்று மேலே அச்சிட்டிருக்கும். அது இணைப்பின் வேகம். உள்ளே இருக்கும் நினைவகத்தின் வேகம் அல்ல. படிக்கும்போது 100 எம்பி வரும், எழுதும்போது 20 எம்பிக்கு இறங்கிவிடும் பென் டிரைவ்கள் ஏராளம். அட்டையில் எழுதும் வேகம் தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். படிக்கும் வேகம் மட்டும் இருந்தால், எழுதும் வேகம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றே கொள்ளலாம்.

போட்டோகிராபர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்டி கார்டில் ரோமன் எழுத்தில் ஒன்று போட்டிருந்தால் அது யுஎச்எஸ்-1 வகை, தரப்படி உச்சம் 104 எம்பி. இரண்டு போட்டிருந்தால் யுஎச்எஸ்-2, 312 எம்பி. யுஎச்எஸ்-2 கார்டின் பின்புறம் தங்கநிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். ரீடரில் இரண்டாவது வரிசைக்கான முனைகள் இல்லையென்றால் விலை உயர்ந்த அந்தக் கார்டு சாதாரணக் கார்டாகத்தான் ஓடும். 64 ஜிபி கார்டை 90 எம்பியில் இறக்க 12 நிமிடம் ஆகும், 2.0 ரீடரில் அதுவே ஏறத்தாழ 28 நிமிடம். கல்யாண மண்டபத்தில் அடுத்த நிகழ்ச்சிக்குக் கார்டு காலியாக வேண்டும் என்று காத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

4. போர்ட்டின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

முதலில் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். கடைப் பக்கங்களில் '3 யுஎஸ்பி போர்ட்' என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். தயாரிப்பாளர் பக்கத்தில் இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று பிரித்திருக்கும். பல லேப்டாப்களில் ஒரு பக்கம் 3.2, எதிர்ப்பக்கம் 2.0. அந்த 2.0 மவுஸுக்காக வைத்தது. புதியவர்கள் மவுஸை வேகமான போர்ட்டில் செருகிவிட்டு, டிரைவை மெதுவான போர்ட்டில் செருகுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

விவரம் கிடைக்கவில்லை என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய செவ்வக வடிவத் துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதில் நான்கு நீளமான உலோகப் பட்டைகள் மட்டும் இருந்தால் 2.0. அவற்றோடு ஐந்து சிறு முனைகள் கூடுதலாகத் தெரிந்தால் 3.0 அல்லது அதற்கு மேல். பென் டிரைவின் முனையையும் இதே முறையில் பார்க்கலாம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நீலம் என்றால் 3.0 என்பது பரிந்துரைதான், கட்டாயம் அல்ல. கறுப்பு நாக்கோடு 10 ஜிபிபிஎஸ் போர்ட் வைத்த லேப்டாப்கள் நிறைய. சிவப்பு, மஞ்சள் நிறங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பயன்படுத்துகிறது.

போர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். திரிசூலம் போன்ற யுஎஸ்பி சின்னத்தோடு 'எஸ்எஸ்' எழுத்துகள் இருந்தால் 5. கூடவே 10 அல்லது 20 என்ற எண் இருந்தால் அந்த வேகம். டைப்-சி பக்கத்தில் அம்பு முனையோடு மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். பேட்டரிப் படத்துக்குள் மின்னல் இருந்தால் அது சார்ஜ் ஏற்றும் வசதியைக் குறிப்பது. வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மேசைக் கணினி என்றால் சோதனையைப் பின்பக்கப் போர்ட்டில் செய்யுங்கள். முன்பக்கப் போர்ட் மதர்போர்டோடு நேரடியாக இல்லை; கேபினெட்டுக்குள் ஓடும் தனிக் கேபிள் வழியாக இணைகிறது. அந்தக் கேபிள் சுமாராக இருந்தாலோ சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ வேகம் இறங்கும், டிரைவ் விட்டு விட்டு மறையும்.

5. கேபிளைச் சந்தேகியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்கே அதிக நேரம் கொடுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

3.0 கேபிளுக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் ஓடுகின்றன. ஒன்று 2.0 காலத்து இரட்டைக் கம்பி. மற்றொன்று வேகத்துக்காகப் பின்னர் சேர்த்த கம்பிகள். வேகப் பாதை இல்லாவிட்டாலும், இருந்தும் பழுதாகியிருந்தாலும், கணினி சத்தமில்லாமல் பழைய பாதைக்குப் போய்விடும். டிரைவ் தெரியும், ஃபைல் திறக்கும், எச்சரிக்கை பெரும்பாலும் வராது. வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். கேபிள் கெட்டுப்போனால் டிரைவ் தெரியாமல் போயிருக்க வேண்டுமே என்று நினைப்பதால்தான் பலர் கேபிளைச் சந்தேகிப்பதே இல்லை.

இப்போது உங்கள் கேபிள்களை எடுத்து வையுங்கள். மொபைல் சார்ஜரோடு வந்தவை எல்லாம் ஒரு பக்கம். அவை பெரும்பாலும் 2.0. சார்ஜ் ஏற்றும் திறனுக்கும் தரவு வேகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆப்பிள் விற்கும் 240 வாட் சார்ஜ் கேபிள் பருமனாக, விலை உயர்ந்ததாகத்தான் இருக்கிறது. தரவு வேகம் 2.0தான். அது சார்ஜுக்கென்றே செய்தது.

அடுத்து நீளம். வேகம் கூடக் கூடக் கேபிள் சுருங்க வேண்டும். உள்ளே கூடுதல் சிப் இல்லாத சாதாரண டைப்-சி கேபிளில் 5 ஜிபிபிஎஸ்ஸுக்கு ஏறத்தாழ 2 மீட்டர், 10க்கு 1 மீட்டர், 40க்கு 0.8 மீட்டர். அதிக நீளத்தில் மிக வேகமான சமிக்ஞை தேய்ந்துவிடும் என்பதே காரணம். 3 மீட்டர் கேபிள் மலிவு விலையில் 10 ஜிபிபிஎஸ் என்று சொல்லி வந்தால் நம்ப வேண்டாம்.

கையடக்க ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அகலமான இரட்டைத் துளை தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. ஒரு பெரிய பகுதியும் அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பகுதியும் ஒட்டி இருக்கும். அதோடு வந்த கேபிள் தொலைந்துபோனால், பழைய மொபைலின் மைக்ரோ யுஎஸ்பி கேபிளை அந்தப் பெரிய பகுதியில் செருகலாம். சரியாகப் பொருந்தும், டிஸ்க்கும் வேலை செய்யும். ஆனால் வேகக் கம்பிகள் அந்தச் சின்னப் பகுதியில்தான் இருக்கின்றன. அதனால் 2.0 வேகம்தான். இப்படி மாதக்கணக்கில் பேக்கப் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 500 ஜிபியை 38 எம்பியில் நகர்த்த மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சரியான கேபிள் போட்டால் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரு முனை டைப்-சி, மறுமுனை பழைய செவ்வகம் என்று உள்ள கேபிளில் 10 ஜிபிபிஎஸ்ஸைத் தாண்ட முடியாது. 20 ஜிபிபிஎஸ் டிரைவை அப்படி இணைத்தால் பாதி வேகம்தான் கிடைக்கும். இரு முனையும் டைப்-சியாக இருக்க வேண்டும்.

தண்டர்போல்ட் 3 கேபிளிலும் ஒரு பொறி உண்டு. உள்ளே சிப் வைத்த 2 மீட்டர் நீள ஆக்டிவ் வகைக் கேபிள் தண்டர்போல்ட் சாதனத்தோடு 40 ஜிபிபிஎஸ் தரும். அதே கேபிளில் சாதாரண யுஎஸ்பி எஸ்எஸ்டியை இணைத்தால் 2.0க்கு விழுந்துவிடும். இருப்பதிலேயே விலை உயர்ந்த கேபிள் என்று அதை எடுத்துச் செருகியவர்கள் குழம்பிப் போகிறார்கள். தண்டர்போல்ட் 4 கேபிளில் இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே முதல் சோதனையை டிரைவோடு வந்த கேபிளில், எக்ஸ்டென்ஷன் எதுவும் போடாமல் செய்யுங்கள்.

6. செருகும் விதமும் முக்கியம்

நம்புவதற்குக் கடினமாக இருக்கும். ஆனால் பழைய செவ்வக முனையை மெதுவாகச் செருகினால் 3.0 டிரைவ் 2.0ஆக இணைந்துவிடக்கூடும்.

4ஆம் படியில் பார்த்த உலோகப் பட்டைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். செருகும்போது 2.0க்கான நான்கு முனைகள் முதலில் தொட்டுக்கொள்கின்றன. வேகத்துக்கான ஐந்தும் கடைசியில்தான் தொடும். இடையில் தயங்கினால், அந்த நேரத்துக்குள் கணினி 2.0 இணைப்பை உறுதிசெய்துவிடும். எனவே பாதுகாப்பாக வெளியேற்றிவிட்டு, எடுத்து, ஒரே மூச்சில் முழுவதும் செருகுங்கள்.

டைப்-சியில் வேறொரு சோதனை. முனையைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். 5, 10 ஜிபிபிஎஸ் இணைப்புகள் முனையின் ஒரு பக்கத்து வேகக் கம்பிகளை மட்டுமே பயன்படுத்தும். எந்தப் பக்கம் என்பது செருகிய விதத்தைப் பொறுத்தது. ஒரு பக்கம் செருகினால் 400 எம்பி, திருப்பினால் 38 எம்பி என்று வந்தால் முனையோ போர்ட்டோ ஒரு பக்கத்தில் அழுக்கடைந்திருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது. வேறு கேபிளிலும் அப்படியே வந்தால் கோளாறு போர்ட்டில்.

7. இணைப்பு எந்த வேகத்தில் அமைந்தது என்று பாருங்கள்

காப்பி செய்யும் முன் இதைப் பாருங்கள். போர்ட்டும் டிரைவும் கேபிள் வழியாகப் பேசி எந்த வேகத்துக்கு ஒத்துக்கொண்டன என்பதை இயங்குதளமே சொல்லும். இந்த எண் சரியாக இருந்தால் போர்ட், கேபிள் இரண்டையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவைத் திறந்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் வரும். அதில் யுஎஸ்பி பகுதிக்குப் போய் டிரைவின் பெயரைத் தொட்டால் வேகம் தெரியும்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையை, மரவடிவில் காட்டும் 'டி' தெரிவோடு (lsusb -t) கொடுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 480, 5000, 10000 என்று எண் வரும். மவுஸுக்கு 12 அல்லது 1.5 என்று காட்டினால் பதற வேண்டாம், அதற்கு அது போதும்.

விண்டோஸில் யுஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவசக் கருவி எளிது. டிரைவைத் தேர்ந்தெடுத்தால் 'ஹை ஸ்பீடு' அல்லது 'சூப்பர் ஸ்பீடு' என்று காட்டும். ஹை ஸ்பீடு என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். யுஎஸ்பி மொழியில் அது 480 எம்பிபிஎஸ். 'ஃபுல் ஸ்பீடு' என்பது அதற்கும் கீழே, 12 எம்பிபிஎஸ்.

விண்டோஸில் இன்னொன்றும் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ் பகுதியின் கீழ் 'யுஎஸ்பி அட்டாச்டு எஸ்சிஎஸ்ஐ' என்று வந்தால் டிரைவ் புதிய முறையில் பேசுகிறது, பல கட்டளைகளை வரிசையில் போட்டு ஒன்றாக வாங்கும். வெறும் 'யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ்' என்று வேறிடத்தில் வந்தால் பழைய முறை, ஒவ்வொரு கட்டளையாகத்தான் முடிக்கும். எஸ்எஸ்டிக்கு இதில் வேகம் நன்றாகவே குறையும். கேஸின் சிப் பழையது என்பது பெரும்பாலும் காரணம்.

8. இப்போது காப்பி செய்து அளவிடுங்கள்

எடுத்து வைத்த பெரிய ஃபைலை நகலெடுங்கள். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். லேப்டாப்புக்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அது தரும் 100 எம்பியைத் தாண்டி எந்த எஸ்எஸ்டியாலும் வாங்க முடியாது.

முதல் சில நொடிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டாம். கணினி தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு முடிந்துவிட்டதாகக் காட்டும். நிலைத்து நிற்கும் எண்ணே சரியானது. எஸ்எஸ்டியும் தன்னுள் ஒரு வேகமான பகுதியை முதலில் நிரப்பும். அது நிறைந்ததும் விலை குறைந்த டிரைவ்களில் வேகம் சட்டென்று விழும். முதலில் 900 எம்பி, பாதியில் 100 எம்பி என்று வந்தால் அது போர்ட்டின் கோளாறு அல்ல. டிரைவின் இயல்பு.

சிறு ஃபைல்கள் ஏன் உதவாது என்றால், ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் பதிவது, இடம் ஒதுக்குவது, வைரஸ் சோதனை என்று தனி வேலை இருக்கிறது. ஆயிரம் ஃபைலுக்கு ஆயிரம் முறை. 1,000 எம்பி டிரைவிலும் அது 50 எம்பிக்கு இறங்கலாம். அப்படிப்பட்ட ஃபோல்டரை அடிக்கடி நகர்த்துபவர்கள் ஒரே ஜிப் ஃபைலாக்கி நகர்த்தலாம்.

9. நேரடி இணைப்பு சரியான பிறகே ஹப்பைச் சேருங்கள்

ஹப் என்பது ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி. அதில் நான்கு போர்ட் இருந்தாலும் கணினிக்குப் போகும் பாதை ஒன்றே. 5 ஜிபிபிஎஸ் ஹப்பில் இரண்டு எஸ்எஸ்டி செருகி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காப்பி செய்தாலும், இரண்டும் அந்த ஒரே இணைப்பைத்தான் பங்கிட்டுக்கொள்ளும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டால் மின்சாரமும் போதாது. 3.0 போர்ட் தருவது 900 மில்லி ஆம்பியர். டிஸ்க் டிக் டிக்கென்று ஒலித்து மறைந்து மறைந்து வந்தால் அதுதான் காரணம்.

மானிட்டர் இணைக்கும் டைப்-சி ஹப்பில் இன்னொரு சிக்கல். டைப்-சியில் வேகத்துக்கென்று நான்கு பாதைகள் உண்டு. 60 ஹெர்ட்ஸில் 4கே படம் காட்ட சில ஹப்கள் நான்கையும் படத்துக்கே எடுத்துக்கொள்ளும். மீதி இருப்பது பழைய இரட்டைக் கம்பி மட்டுமே. அதனால் ஹப்பின் யுஎஸ்பி போர்ட்கள் எல்லாம் 480 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். 4கே, 30 ஹெர்ட்ஸ் போதும் என்றால் இரண்டு பாதைகள் தரவுக்குக் கிடைக்கும். மானிட்டரைக் கழற்றினால் டிரைவ் வேகம் ஏறுகிறதா என்று பார்த்தால் இது புரிந்துவிடும்.

3.0 டிரைவ் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறினால், டிரைவும் கேபிளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகின்றன என்று பொருள். மவுஸ் டாங்கிளை (கணினியில் செருகும் அதன் சிறு ரிசீவரை) ஒரு சிறு எக்ஸ்டென்ஷனில் போட்டுத் தள்ளி வையுங்கள்.

10. வாங்குவதாக இருந்தால்

இருக்கும் போர்ட்டின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். 20 ஜிபிபிஎஸ் என்று விற்கும் ஜென் 2×2 எஸ்எஸ்டியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. யுஎஸ்பி4 அல்லது தண்டர்போல்ட் 4 போர்ட்டில் செருகினால் 20 வரும் என்று தோன்றும். ஆனால் அந்தப் போர்ட்கள் 2×2 முறையை ஆதரிக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஆதரிக்காதவற்றில் 10க்கு இறங்கிவிடும். கணினியின் விவரப் பக்கத்தில் 'ஜென் 2×2' என்று எழுத்தாகவே இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் 10 ஜிபிபிஎஸ் டிரைவே போதும். அதைவிட வேகம் வேண்டுமென்றால் யுஎஸ்பி4 டிரைவுக்குப் போங்கள்.

சில தண்டர்போல்ட் 3 டிரைவ்கள் சாதாரண டைப்-சி போர்ட்டில் இயங்கவே இயங்காது. யுஎஸ்பியிலும் வேலை செய்யும் என்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது ஜிபிபிஎஸ் எண்ணும் வாட் எண்ணும் இரண்டுமே முனையிலோ அட்டையிலோ அச்சிட்டிருக்க வேண்டும். 'ஃபாஸ்ட் சார்ஜிங்', 'டேட்டா சப்போர்ட்' என்று மட்டும் இருந்தால் அது 2.0. கடைக்காரர் வாய்மொழியாக 3.0 என்று சொன்னால், எஸ்எஸ்டியைக் கொண்டுபோய் அங்கேயே செருகி 7ஆம் படியைச் செய்துகாட்டச் சொல்லலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேப்பர் டேப்பில் எண்ணை எழுதி ஒவ்வொரு கேபிளின் முனையிலும் ஒட்டிவிடுங்கள்: 480, 5, 10, 40. போர்ட்டுக்குப் பக்கத்திலும் ஒட்டலாம். 480 என்று எழுதியவற்றை சார்ஜர் டிராயரில் போட்டுவிட்டு, மற்றவற்றை டிரைவ் இருக்கும் பையிலேயே வையுங்கள்.